குட்டி காட்டேஜ்: தரை எதுக்கும் அசரக்கூடாது, சுவர் கலர் பளிச்னு இருக்கணும், ரெண்டும் ஒண்ணா நடக்குமா?

திண்ணைப்பூனை

எல்லாருக்கும் வணக்கம். பழைய காட்டேஜ் ஒண்ணு கைக்கு வந்திருக்கு. உள்ளே மட்டும்தான் புதுசு பண்ணப் போறோம், வெளியே கை வைக்கிற ஐடியா இல்ல. கனமான செங்கல் சுவர், ஜன்னல் எல்லாம் சின்னது, ஹால்ல கையைத் தூக்கினா உத்திரம் தட்டும், அவ்வளவு தாழ்வான கூரை. வாசல் கதவைத் திறந்தா நேரா ஹால்தான், நடுவுல நடை கிடை எதுவும் கிடையாது, அதனால மண்ணு, மழைத்தண்ணி, நாய்க்கால் எல்லாமே நேரா உள்ளே வந்துடும். பின்னாடி கிச்சன், பக்கத்துல பாத்ரூம், மேல சாய்வுக் கூரைக்கு அடியில ஒரே ஒரு ரூம்.

இப்போ இருக்கிற தரை ஹால்ல ஒண்ணு, கிச்சன்ல ஒண்ணு, பாத்ரூம்ல வேற ஒண்ணு. மூணும் மூணு காலத்துல போட்டிருக்காங்க, ஒவ்வொரு வாசப்படியிலயும் கால் தடுக்குது. சுவர் பூரா மங்கிப்போன க்ரீம். எனக்கு கீழ எல்லா இடத்துக்கும் ஒரே தரை வேணும், துடைச்சா போகணும், நாய் நகம் பட்டாலும் கவலைப்படக் கூடாது. சுவருக்கு ஹால்ல பாட்டில் கிரீன், கிச்சன்ல கடுகு மஞ்சள், மேல ரூமுக்கு செங்கல் நிறம் கலந்த பிங்க். வீட்டுக்காரர் என்னடான்னா "இத்தனூண்டு ரூம்ல அடர் கலர் அடிச்சா குகை மாதிரி ஆயிடும், பேசாம வெள்ளை அடி"ன்னு நிக்கிறார். யார் சொல்றது சரி? தரைக்கு என்ன போடலாம்? எஸ்.பி.சி.ங்கிற கல்பொடி-பிளாஸ்டிக் பலகை, லேமினேட், டைல்ஸ்னு தேடித் தேடி தலை சுத்துது.

ரசமட்டம்

தரை வேலைதான் நமக்குப் பொழப்பு, அதனால கலர் பத்தி வாயைத் திறக்கல, அதுக்கு ஆளுங்க வருவாங்க.

எந்த தரை போடலாம்னு கேக்குறதுக்கு முன்னாடி இப்போ கீழ என்ன இருக்குன்னு பாருங்க மேடம். ஒரு நாணயத்தை எடுத்து தரை பூரா தட்டிக்கிட்டே போங்க. ஒரு இடத்துல கணீர்னு இருக்கும், ஒரு இடத்துல பொத்துனு சத்தம் வரும். பொத்துனு கேக்குற இடம் பொக்கு, அடியில பிடிப்பு விட்டிருக்கு, அதை எடுக்காம மேல எது போட்டாலும் சேர்ந்து கிளம்பும். அடுத்து 2 மீட்டர் நேர்கம்பி ஒண்ணை தரையில வச்சு அடியில எவ்வளவு வெளிச்சம் தெரியுதுன்னு பாருங்க. கிளிக் பண்ணி மாட்டுற தரை எதுவா இருந்தாலும் பெரும்பாலான கம்பெனிங்க 2 மீட்டருக்கு 3 மி.மீ. வரைக்கும்தான் பள்ளம் மேடு ஒத்துக்குவாங்க. அதுக்கு மேல போனா நடக்கும்போது தரை அமுங்கி அமுங்கி ஜாயிண்ட்ல இருக்கிற நாக்கு உடைஞ்சிடும்.

மூணாவது, இதை விட்டுடாதீங்க: ரெண்டு அடி அகலத்துக்கு கனமான பிளாஸ்டிக் ஷீட் ஒண்ணை தரையில விரிச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ராத்திரி பூரா, குறைஞ்சது 16 மணி நேரம் விட்டுட்டு எடுத்துப் பாருங்க. உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னாலோ தரை கறுத்திருந்தாலோ கீழேருந்து ஈரம் வருது. சுவர் ஓரம் ஒண்ணு, நடுவுல ஒண்ணுன்னு போடுங்க. காஞ்சு இருந்துச்சுன்னா முழுசா நிம்மதின்னு அர்த்தம் இல்ல, அது மேலாக காட்டுறதுதான், ஆனா ஈரம்னு காட்டினா அது ஈரம்தான்.

இன்னொண்ணு, பழைய தரையில 9 அங்குல சதுரமா வினைல் டைல்ஸ், அடியில கறுப்பு பசை இருந்தா தயவுசெஞ்சு உடைக்காதீங்க, மெஷின் போட்டுத் தேய்க்காதீங்க. அந்தக் காலத்து சரக்குல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். டெஸ்ட் பண்ணிட்டுத்தான் தொடணும்.

மஞ்சள்பூசணி

கலர் ஆள் வந்தாச்சு 😄

வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, வெள்ளைங்கிறது தானா வெளிச்சம் போடாது, வந்து விழுற வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்பும். சின்ன ஜன்னல், ஆழமான சுவர், வெளிச்சமே உள்ளே வரல, அப்போ வெள்ளை எதைத் திருப்பி அனுப்பும்? மூலையெல்லாம் அழுக்கு சாம்பலா நிக்கும். நீங்க பார்த்த அந்த மங்கின க்ரீம் பாதி பழசானதால இருக்கலாம், மீதிப் பாதி வெளிச்சம் இல்லாததாலதான்.

ஷேட் கார்டு பின்னாடி எல்.ஆர்.வி.ன்னு ஒரு நம்பர் இருக்கும், அந்த கலர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்னு சொல்றது. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. நடைமுறையில நல்ல வெள்ளை பெயிண்டே 85, 90 பக்கம்தான் வரும், பாட்டில் கிரீன் எல்லாம் 10-க்கும் கீழ. அதாவது சுவர்ல பட்ட வெளிச்சத்துல பத்துல ஒரு பங்குகூட திரும்பாது. அதனால பகல்லயும் விளக்கு போட வேண்டி வரும், இதை முதல்லயே ஒத்துக்கிட்டு இறங்குங்க. ஒத்துக்கிட்டா அந்த ரூம் அருமையா இருக்கும், ஏன்னா அடர் கலர்ல மூலைகள் கண்ணுக்குத் தெரியாது, சுவர் எங்க முடியுதுன்னு கண்ணால சட்டுனு அளக்க முடியாது. குகை ஆகாது, அடக்கமா இருக்கும். ஆனா ஒரு சுவருக்கு மட்டும் கிரீன் அடிச்சு மத்த மூணும் வெள்ளைன்னு பண்ணிடாதீங்க, சின்ன ரூம்ல அது ஒட்டுப் போட்ட மாதிரி நிக்கும். அடிச்சா முழுசா அடிங்க.

ஈரச்சுவர்

எல்லாரும் கலர்ல இறங்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. பழைய கனமான செங்கல் சுவர்னு சொல்றீங்க. நடுவுல காத்து இடைவெளி இல்லாத முழுச் சுவரா? முதல்ல என்ன பூச்சு பூசியிருந்தாங்க, சுண்ணாம்பா சிமெண்டா?

சுண்ணாம்புப் பூச்சு இருக்கிற பழைய சுவர் ஈரத்தை உறிஞ்சும், காத்து பட்டா வெளியே விடும், அப்படித்தான் அது அத்தனை வருஷம் நின்னுச்சு. அதுமேல தடியா பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சா வெளியே போற வழியை மூடிட்டோம். பெயிண்ட் கொப்புளிச்சு உரியும், உள்ளே பூச்சு மாவா கொட்டும். அடர் கலர்ல இது இன்னும் அசிங்கம், ஏன்னா வெள்ளை உப்பு பூத்தா வெள்ளைச் சுவர்ல தெரியாது, பாட்டில் கிரீன்ல பத்தடி தள்ளி நின்னாலும் தெரியும்.

சுரண்டிப் பார்க்கப் போறீங்கன்னா உலர்ந்த எமரி பேப்பர் போட்டு தேய்க்காதீங்க. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். அமெரிக்காவுலயே 1978-லதான் வீட்டு பெயிண்ட்ல ஈயத்துக்கு தடை வந்துச்சு, மத்த பல இடங்கள்ல அதுக்கும் ரொம்ப பின்னாடி. டெஸ்ட் பண்ணுங்க, சந்தேகம்னா நனைச்சு எடுங்க, குழந்தைங்க பக்கத்துல இருக்க வேண்டாம்.

திண்ணைப்பூனை

அப்பாடா, ஒரே நாள்ல இவ்ளோ விஷயமா! ஷீட் ஒட்டிப் பார்த்துட்டேன். கிச்சன் காஞ்சு இருக்கு. ஹால்ல நடுவுலயும் பரவால்ல, ஆனா வெளிச்சுவர் ஓரமா ஒட்டினதுல உள்பக்கம் பூரா தண்ணி. அதே சுவர்ல முழங்கால் உயரத்துக்குக் கீழ வெள்ளையா மாவு மாதிரி பூத்திருக்கு, விரலால தொட்டா ஒட்டுது. கீழ மட்டும் சிமெண்ட் பூச்சு, மேல ஏதோ மெத்துனு பழைய பூச்சு, ரெண்டும் சேர்ற இடத்துல ஒரு கோடே தெரியுது. 9 அங்குல டைல்ஸ் எல்லாம் இல்ல, சாதா சிமெண்ட் தரைதான்.

ஈரச்சுவர்

நினைச்சேன். முன்னாடி யாரோ ஓதம் வருதுன்னு கீழ மட்டும் சிமெண்ட் பூசி அடைச்சிருக்காங்க. ஓதம் அங்கேயே நிக்குது, மேல ஏறப் பார்க்குது.

உள்ளே மட்டும்தான் வேலைன்னு சொன்னீங்க, ஆனா இதுக்கு ஒரு தடவை வெளியே போய் அந்தச் சுவரைப் பாருங்க. வெளித்தரை மட்டம் உள்தரையை விட உயரமா இருக்கா? மண்ணு கொட்டிக் கொட்டி ஏறியிருக்கா? சுவரோட அடியில ஈரம் தடுக்கிற அடுக்கு இருந்துச்சுன்னா அதுக்குக் கீழ 150 மி.மீ.யாவது வெளி மட்டம் இறங்கி இருக்கணும். கூரைத்தண்ணி அந்த ஓரமாத்தான் கொட்டுதா? பல கேஸ் ஒரு மண்வெட்டியிலயும் ஒரு தண்ணிக் குழாயிலயும் தீர்ந்துடும், ரசாயன ஊசி போடுறேன்னு வர்ற ஆளைக் கூப்பிட வேண்டிய அவசியமே வராது.

அப்புறம் அந்த சிமெண்ட் பூச்சை மட்டும் கொத்தி எடுத்துட்டு சுவரைக் காய விடுங்க. கனமான சுவர் மாசத்துக்கு ஒரு அங்குலம் காயும்னு ஒரு தோராயக் கணக்கு சொல்வாங்க, உங்க சுவர் எவ்ளோ தடிப்போ அவ்ளோ பொறுமை. காஞ்ச பிறகு சுண்ணாம்புப் பூச்சு, அதுமேல மூச்சு விடுற பெயிண்ட். சுண்ணாம்பு அடிக்கலாம், இல்லன்னா சிலிகேட் பெயிண்ட். சிலிகேட் ஒண்ணும் புதுசு இல்ல, கெய்ம்னு ஒரு ஜெர்மன்காரர் 1878-லயே பேட்டண்ட் வாங்கினது, பெயிண்ட் மேல படலமா உக்காராம பூச்சோட வேதியியல் ரீதியா சேர்ந்துடும், அதனால உரியாது. பழைய பிளாஸ்டிக் பெயிண்ட் மேல அப்படியே அடிச்சா மட்டும் பிடிக்காது, அதை எடுத்தாகணும்.

சும்மாவந்தவன்

எதுக்கு இவ்ளோ? எல்லா இடத்துக்கும் வெள்ளை டைல்ஸ், வெள்ளை பெயிண்ட். வேலை முடிஞ்சுது.

கிரௌட்டுராணி

@சும்மாவந்தவன் வாசல்லேருந்து நேரா ஹாலுக்கு வர்ற வீட்டுல, நாய் இருக்கிற வீட்டுல, பளபள வெள்ளை டைல்ஸ். தினமும் காலையில வந்து நீங்க துடைச்சுக் கொடுப்பீங்களா? 🙂

ரசமட்டம்

ஈரம் இருக்குன்னு தெரிஞ்சு போச்சு, இப்போ பேசலாம்.

லேமினேட்டை கீழ்த்தளத்துக்கு மறந்துடுங்க. நடுவுல இருக்கிறது அழுத்தின மரத்தூள் பலகை, ஜாயிண்ட்ல தண்ணி நின்னா விளிம்பு ஊதி மேல தூக்கிக்கும், ஒரு தடவை ஊதினா திரும்ப அமுங்காது. டப்பாவுல ஏ.சி.4, ஏ.சி.5-ன்னு போட்டிருக்கிறது மேல் தேய்மானத்துக்கு மட்டும், தண்ணிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, இதைக் குழப்பிக்கிட்டு வாங்குறவங்க எக்கச்சக்கம்.

எஸ்.பி.சி. நல்ல சரக்குதான். சுண்ணாம்புக்கல் பொடியும் பி.வி.சி.யும் கலந்த கெட்டியான பலகை, தண்ணியில போட்டாலும் ஊதாது. வாங்கினா மொத்தத் தடிமனைப் பார்த்து ஏமாறாதீங்க, மேல இருக்கிற தேய்மான படலம் எவ்வளவுன்னு கேளுங்க, 0.3 மி.மீ. சாதாரண ரூமுக்கு, உங்க மாதிரி வாசல்லேருந்து மண்ணோட வர்ற இடத்துக்கு 0.5-க்கு குறையக் கூடாது. ஆனா ஒண்ணு, பலகைக்குத்தான் தண்ணி பயம் இல்ல, அடியில இருக்கிற ஈரம் எங்கேயும் போகாது. மூடின தரைக்குக் கீழ அது சுவரைத் தேடிப் போகும், ஓரத்துல பூஞ்சை பிடிக்கும், ஒரு நாள் ரூம்ல மக்கின வாசம் வரும், பலகை என்னவோ புதுசா பளபளன்னு இருக்கும். அதனால தரையில ஈரத்தடை ஷீட் சரியா போட்டு காஞ்ச பிறகுதான்.

எனக்கு விட்டா கீழ பூரா மேட் போர்சிலின் டைல், அதாவது பளபளப்பு இல்லாதது. கிச்சன் பாத்ரூம் ஹால் மூணுக்கும் ஒரே டைல், தடுக்குற வாசப்படி எல்லாம் போயிடும்.

கிரௌட்டுராணி

+1 போர்சிலின். தண்ணி உறிஞ்சறது 0.5 சதவீதத்துக்கு மேல போகாது, அதான் அதோட வரையறையே. சுவருக்குன்னு விக்கிற சாதா செராமிக் 10 சதவீதத்துக்கு மேலயே உறிஞ்சும், டிசைன் அழகா இருக்குன்னு அதைத் தரையில போட்டுடாதீங்க.

வழுக்கல் விஷயத்துக்கு டப்பாவுல ஆர்9, ஆர்10, ஆர்11-ன்னு இருக்கும், நம்பர் ஏற ஏற பிடிப்பு ஜாஸ்தி. ஆர்9 வாசல் பக்கம் ஈரக்காலுக்கு பத்தாது, ஆர்11-க்கு மேல போனா மாப் துணியே மாட்டிக்கும், சொரசொரப்புல அழுக்கு உக்காரும். ஆர்10 நடுநிலை. வயசான நாய்க்கும் இதுதான் நல்லது, பளபள தரையில பின்னங்கால் விரிஞ்சு சறுக்கும், பார்க்கவே பாவமா இருக்கும்.

டைல் இடுக்குல அடைக்கிற கிரௌட் கலர் தயவுசெஞ்சு வெள்ளை வேண்டாம், கறுப்பும் வேண்டாம். வெள்ளை நடக்குற பாதையில மட்டும் பழுப்பாகும், கறுப்புல சோப்பும் உப்பும் வெள்ளையா படியும். டைல் நிறத்துக்கு ஒரு ஷேட் மட்டும் அடர்த்தியா எடுங்க. கிச்சனுக்கு எபாக்ஸி கிரௌட் போட்டா எண்ணெய்க் கறை உள்ளே இறங்காது, ஆனா போடத் தெரிஞ்ச ஆள் வேணும். அன்னிக்கே துடைக்காம விட்டா மேல படலமா இறுகிடும், அப்புறம் எடுக்க உயிர் போயிடும்.

மரம் மாதிரி நீள டைல்ஸ் ஆசை இருந்தா, பாதிக்குப் பாதி தள்ளிப் போடச் சொல்லாதீங்க. நீள டைல் நடுவுல லேசா வளைஞ்சிருக்கும், ஒண்ணோட நடுவும் இன்னொண்ணோட முனையும் பக்கத்துல வந்தா முனை தூக்கி நிக்கும். மூணுல ஒரு பங்குக்கு மேல தள்ளக் கூடாது.

பழையகதவு

நான் ஒருத்தன் மட்டும் எதிர்க்கட்சி போல. ஏன் எல்லாரும் தரை அடக்கமா இருக்கணும், சுவர்தான் பேசணும்னு முடிவு பண்ணிட்டீங்க? தரை கலரா இருக்கக் கூடாதா? லினோலியம் ஞாபகம் இருக்கா யாருக்காவது? ஃபிரெடெரிக் வால்டன்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1863-ல பேட்டண்ட் பண்ணினது, ஆளி விதை எண்ணெய், பிசின், கார்க் தூள், மரத்தூள் எல்லாம் சேர்த்து சணல் துணி மேல அழுத்தினது. பாதிப் பேர் அதை வினைல்னு நினைக்கிறாங்க, அது வேற இது வேற. நிறம் மேலேருந்து கீழ வரைக்கும் ஒண்ணு, கீறினாலும் அதே நிறம்தான் தெரியும். காலுக்கு மெத்துனு இருக்கும், டைல்ஸ் மாதிரி சில்லுனு ஏறாது. அடர் சிவப்புல, நீலத்துல எல்லாம் வருது.

ரசமட்டம்

லினோலியம் எனக்கும் பிடிக்கும் தலைவரே, ஆனா ஓதம் வர்ற சிமெண்ட் மேலயா? அதோட முதுகு சணல். ஈரம் பட்டா மக்கும், பசை விடும். காரத்தன்மை (ஆல்கலி) ஜாஸ்தியான கிளீனர் போட்டாலும் மேல்புறம் கெட்டுப் போகும்.

பழையகதவு

நான் கீழ போடச் சொல்லலையே. மேல ரூமுக்குச் சொல்றேன். அங்க பலகைத் தரையாத்தான் இருக்கும், அதுமேல பிளைவுட் அடிச்சு மட்டம் பண்ணி லினோலியம் ஒட்டுங்க, செங்கல் பிங்க் சுவருக்கு கறுப்பு கலந்த நீலம். புதுசா பிரிக்கும்போது மஞ்சளடிச்சு இருந்தா பயப்படாதீங்க, இருட்டுல சுருட்டி வச்சிருந்ததால அந்த எண்ணெய் மஞ்சளாகும், வெளிச்சம் பட்டா தானா போயிடும். பலகை நல்லா இருந்தா அதுவும் வேண்டாம், பலகையையே பெயிண்ட் பண்ணுங்க, ஒண்ணு விட்டு ஒண்ணு கட்டம் போட்டு. தேஞ்சா தேயட்டும், மறுபடி ஒரு கோட் அடிச்சா தீர்ந்துச்சு.

திண்ணைப்பூனை

மேல பெயிண்ட் அடிச்ச பலகை, இது மனசுக்குப் பிடிச்சிருக்கு! கீழ போர்சிலின்னு ஏறக்குறைய முடிவு பண்ணிட்டோம், வீட்டுக்காரரும் ஓகே சொல்லிட்டார் (தரைக்கு மட்டும், கலர் சண்டை தொடருது). வெளியே பார்த்தா ஈரச்சுவர் அண்ணே சொன்ன மாதிரியே மண்ணு ஏறிப்போய் பூச்செடித் தொட்டி வரிசையா சுவரை ஒட்டி இருக்கு, அதை எடுக்கற வேலை ஆரம்பிச்சாச்சு. இப்போ கேள்வி, டைல் என்ன நிறம்? கிரீனுக்கும் கடுகு மஞ்சளுக்கும் ரெண்டுக்கும் பொருந்தணுமே.

மஞ்சள்பூசணி

இதுல ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கு. பாரிஸ்ல கோபெலின் நெசவுக்கூடத்துல சாயப் பிரிவுக்கு தலைமை வகிச்ச செவ்ரோல்னு ஒரு வேதியியல்காரர். கறுப்பு நூல் சரியா இல்ல, மங்குதுன்னு நெசவாளிங்க புகார் பண்ணிக்கிட்டே இருந்தாங்க. அவர் சோதிச்சுப் பார்த்தா சாயத்துல ஒரு கோளாறும் இல்ல, பக்கத்துல நெய்ஞ்ச நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்க வச்சுது. 1839-ல இதையெல்லாம் எழுதி வெளியிட்டார். உங்க வீட்டுக்கும் இதே கதைதான். செம்மண் சாயல் டைல் போட்டா பாட்டில் கிரீன் இன்னும் பச்சையா தூக்கலா தெரியும், ஏன்னா சிவப்பும் பச்சையும் எதிரெதிர். நீலச் சாயல் சாம்பல் டைல் போட்டா கடுகு மஞ்சள் ஆரஞ்சு பக்கம் சாயும்.

அது போக தரையில பட்டு எழும்புற வெளிச்சம் சுவரோட கீழ்ப்பாதியில அந்த நிறத்தைப் பூசும். நாலு சுவரும் ஒண்ணை ஒண்ணு பார்த்து நிறத்தை ஏத்திக்கும், அதனால ஷேட் கார்டுல பார்த்ததை விட ரூம்ல எப்பவும் ஒரு படி அழுத்தமாத்தான் தெரியும். மஞ்சள் இதுல ரொம்ப மோசம். கார்டுல பிடிச்ச மஞ்சளை விட கொஞ்சம் மண்ணடிச்சதா எடுங்க.

டைலுக்கு என் ஓட்டு: கல் மாதிரி திட்டுத் திட்டா இருக்கிற, பழுப்பும் சாம்பலும் கலந்த நடுத்தர நிறம். ரொம்ப வெளிர் போட்டா மண்ணு தெரியும், ரொம்ப அடர்த்தின்னா தூசியும் நாய் முடியும் தெரியும், ஒரே சீரான நிறம்னா ரெண்டும் தெரியும்.

சாயங்காலம்

நான் லைட்டிங் வேலை பண்றவன். பகல் வெளிச்சம் பத்தி மட்டும் பேசறீங்க, இந்த மாதிரி வீட்டுல ஹால்ல ஆள் உக்கார்றது பொழுது சாஞ்ச பிறகுதான்.

வெளிச்சம் குறையக் குறைய கண்ணுக்கு முதல்ல சாகுறது சிவப்பு, கடைசி வரைக்கும் நிக்கிறது பச்சை நீலம். புர்க்கின்யேன்னு ஒரு செக் நாட்டு உடலியல்காரர் 19-ம் நூற்றாண்டுலயே கவனிச்சது, பகல்ல ஜொலிச்ச சிவப்புப் பூ அந்தி நேரத்துல இலையை விட கறுத்துப் போறதைப் பார்த்துட்டு. அதனால ஹாலுக்கு கிரீன் எடுத்தது நல்ல தேர்வு. அங்க அரக்கு சிவப்பு எடுத்திருந்தீங்கன்னா சாயங்காலம் கறுப்பா தெரியும்.

பல்பு 2700 கெல்வின், அதாவது மஞ்சள் சாயல் வெளிச்சம், நிறம் காட்டும் திறன் 90-க்கு மேல இருக்கிறதா வாங்குங்க. 6500 கெல்வின் வெள்ளை டியூப்பை மாட்டினா கடுகு மஞ்சள் பச்சையடிக்கும், அப்புறம் பெயிண்டரைத் திட்டாதீங்க. நடு உத்திரத்துல ஒரே ஒரு பல்பு மட்டும் வேண்டாம், தாழ்வான கூரையில அது கண்ணைக் குத்தும், சுவருக்கு எதுவும் போய்ச் சேராது. சுவரைப் பார்த்து அடிக்கிற மாதிரி நாலு இடத்துல சின்னச் சின்ன விளக்கு. வயரிங் இழுக்கணும்னா பூச்சு வேலைக்கு முன்னாடி சொல்லிடுங்க.

தூரிகை

பெயிண்டர் இங்கதான் இருக்கேன், திட்டு வாங்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன் 😄

அடர் கலருக்கு கலக்குற பேஸ்லயே வெள்ளைப் பொடி, அதாவது டைட்டானியம் டை ஆக்சைடு, ரொம்பக் குறைவா இருக்கும். மறைக்கிற சக்தி அதுலதான் இருக்கு. அதனால வெள்ளை பிரைமர் மேல பாட்டில் கிரீன் அடிச்சா மூணு கோட் போட்டும் ரோலர் ஓடின தடம் தெரியும். பிரைமரையே சாம்பலாக்கி அடிச்சா ரெண்டு கோட்ல முடியும்.

ஈரச்சுவர் அண்ணன் சொன்ன சிலிகேட் போனீங்கன்னா வேற சங்கதி. அது காரத்தன்மை உள்ளது, எல்லா சாயமும் தாங்காது, மெஜந்தா, பளீர் ஊதா மாதிரி எல்லாம் கேட்டா முழிப்பாங்க. ஆனா உங்க லிஸ்ட்டைப் பாருங்க, கடுகு மஞ்சளும் செங்கல் பிங்க்கும் இரும்பு ஆக்சைடு, பச்சைக்கு குரோமியம் ஆக்சைடு கூட கொஞ்சம் கறுப்பு ஆக்சைடு. எல்லாமே காரம் தாங்குற மண் நிறங்கள், வெயில்லயும் வெளுக்காது. சுண்ணாம்பு அடிக்கிறதுன்னா மட்டும் இவ்ளோ அடர் பச்சை வராது, சுண்ணாம்போட வெள்ளை எல்லாத்தையும் வெளிறடிச்சிடும், அதனால ஹாலுக்கு சிலிகேட், மேல பிங்க்குக்கு சுண்ணாம்பு தாராளமா.

பளபளப்பு பத்தி: பழைய சுவர் மேடு பள்ளமாத்தான் இருக்கும், மேட் அடிச்சா மறையும், பளபளப்பு ஏற ஏற ஒவ்வொரு மேடும் எட்டிப் பார்க்கும். ஆனா அடர் மேட்ல தோள் உரசின இடம், சோபா முதுகு பட்ட இடம் எல்லாம் பளபளன்னு தேஞ்சு தெரியும், துடைச்சா இன்னும் கூடும். படிக்கட்டுப் பக்கத்துலயும் ஸ்விட்ச் பக்கத்துலயும் இடுப்பு உயரத்துக்கு மரப்பலகை அடிச்சு அதே கிரீன்ல துடைக்கிற மாதிரி பெயிண்ட் அடிக்கலாம், காஞ்ச சுவர்ல மட்டும், ஓதச் சுவர்ல பலகை அடிச்சு மூடிடாதீங்க.

பழையகதவு

கூரையும் கிரீனா வெள்ளையா? இதை யாரும் சொல்லல.

மஞ்சள்பூசணி

கூரையும் கிரீன்தான் என் கட்சி. தாழ்வான கூரைக்கு வெள்ளை அடிச்சா சுவரும் கூரையும் சேர்ற கோடு பளிச்னு தெரிஞ்சு "இங்கதான் முடியுது"ன்னு காட்டிக் கொடுத்துடும். நிலை, கதவு, ஸ்கர்ட்டிங் எல்லாமே ஒரே நிறம். மேல சாய்வு ரூம்லயும் அதே மாதிரி, சாய்வு எங்க ஆரம்பிக்குதுன்னு கோடு போட்டா ரூம் துண்டு துண்டாகும்.

தூரிகை

ஹால்ல நான் ஒத்துக்க மாட்டேன். உத்திரம் மரமா தெரியுதுன்னா அதை விட்டுட்டு நடுவுல இருக்கிற பட்டைங்களுக்கு மட்டும் கிரீன்ல பாதி அடர்த்தி. முழு கிரீன்னா விளக்கு எவ்ளோ போட்டாலும் பத்தாது. மேல பிங்க்குக்கு நீங்க சொல்றது சரி.

திண்ணைப்பூனை

அப்டேட். பெரிய அட்டைகள்ல ரெண்டு கோட் அடிச்சு ரூம் ரூமா தூக்கிக்கிட்டு அலையறேன். ஜன்னல் பக்கத்துல வச்சா கிரீன் அப்படியே உயிரா இருக்கு, அதே அட்டையை படிக்கட்டு அடியில வச்சா ராத்திரி கறுப்பு. அதனால அதை விட ஒரு படி வெளிரா இருக்கிறதை எடுத்திருக்கோம். கடுகு மஞ்சள் பூசணி சொன்ன மாதிரி மண்ணடிச்சதுதான் ஜெயிச்சுது, கார்டுல பார்த்தா சப்புனு இருந்துச்சு, சுவர்ல சாய்ச்சு வச்சா எவ்ளோ அழகு! வீட்டுக்காரர் கிரீன் அட்டை பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்து பார்த்துட்டு "கூரை மட்டும் தூரிகை சொன்ன மாதிரி பண்ணலாம்"னு இறங்கி வந்துட்டார். டைல் மாதிரியும் அட்டையும் தரையில ஒண்ணா வச்சுப் பார்த்தாச்சு, ஒத்துப் போகுது.

இனி வேலை வரிசை என்ன? தரை முதல்லயா பெயிண்ட் முதல்லயா?

ரசமட்டம்

ஈரம், வயரிங், பூச்சு, தரை, கடைசியா பெயிண்ட். பிரைமரும் முதல் கோட்டும் தரைக்கு முன்னாடி அடிச்சிட்டா நல்லது, கடைசி கோட் தரையை மூடிட்டு அடிங்க. பூச்சு புதுசுன்னா காயறதுக்கு அவசரப்படாதீங்க.

இப்போ யாரும் கேக்காத ஒண்ணு சொல்றேன். டைல் 9, 10 மி.மீ., அடியில பசை ஒரு 4, 5 மி.மீ., ஆக தரை கிட்டத்தட்ட ஒன்றரை செ.மீ. ஏறும். கதவு எல்லாம் அடியில சீவணும், பழைய பலகைக் கதவுன்னா அடிச்சட்டம் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு முன்னாடியே பாருங்க. படிக்கட்டோட முதல் படி அந்த அளவுக்கு உயரம் குறையும், மத்த படியெல்லாம் பழைய உயரம். கால் பழகின உயரத்துக்குத்தான் இறங்கும், அந்த ஒரு படியில தடுமாறி விழுவாங்க. பழைய தரையை எடுத்துட்டு போட்டா இந்தப் பிரச்சனை ரெண்டும் வராது, ஹால்ல எப்படியும் ஈரத்தடைக்கு எடுக்கத்தான் போறோம், கிச்சனையும் சேர்த்து எடுத்துடுங்க. ஏற்கனவே தாழ்வான கூரை வேற.

டைல் வாங்கும்போது அளவை விட 10 சதவீதம் கூட வாங்குங்க, எல்லா டப்பாவுலயும் ஒரே பேட்ச் நம்பர் இருக்கான்னு பாருங்க. மிச்சத்தைத் தூக்கிப் போடாதீங்க, பின்னாடி ஒண்ணு உடைஞ்சா அதே நிறம் கிடைக்காது.

திண்ணைப்பூனை

பாத்ரூமும் அதே மட்டத்துக்கு வந்தா தண்ணி ஹாலுக்கு ஓடிடாதா அண்ணே? இப்போ அங்க ஒரு படி இறக்கம் இருக்கு.

ரசமட்டம்

குளிக்கிற இடத்துக்கு மட்டும் வாட்டம் தனியா கொடுத்து கண்ணாடித் தடுப்பு வச்சா ஓடாது. வடிகாலைப் பார்த்து மீட்டருக்கு 15லேருந்து 20 மி.மீ. சாய்வு. அந்த இடத்துல பெரிய டைல் வளையாது, அதே நிறத்துல சின்ன துண்டா வெட்டினதைப் போடச் சொல்லுங்க, கிரௌட் கோடு ஜாஸ்தியானா காலுக்குப் பிடிப்பும் கிடைக்கும். நீர்க்காப்பு பூச்சு டைலுக்கு அடியில சுவர்ல ஏறி இருக்கணும், அதை நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க, டைல் ஒட்டின பிறகு யாருக்கும் தெரியாது. இருக்கிற படி இறக்கம் எவ்ளோ மி.மீ.ன்னு அளந்து, வடிகால் இருக்கிற பக்கம் போட்டோ எடுத்துப் போடுங்க, பார்த்துட்டு சொல்றேன்.